தாம்பூலப் பையில் போன ஜெல்

என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் மூன்று பதில்கள் உண்டு. பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டால் பார்மசி காலேஜில் பாடம் நடத்துகிறேன் என்பேன். சொந்தக்காரர்கள் கேட்டால் கிரீம் மாதிரி ஒன்று தயாரிக்கிறோம் என்பேன். அதற்கும் மேலே துருவினால்தான் முழுதாகச் சொல்வேன்: எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க, பெண்கள் உறவுக்கு முன்னால் உள்ளே வைத்துக்கொள்கிற ஜெல். இந்த மூன்றாவது பதிலுக்குப் பிறகு யாரும் அடுத்த கேள்வி கேட்டதில்லை.

என் கணவருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்தபோது அவருடைய அத்தை ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "கிரீம்னா, முகத்துக்கா?" என்றார். "கொஞ்சம் கீழே அத்தை" என்றேன். "கழுத்துக்கா?" என்றார். பக்கத்தில் மாலையும் கழுத்துமாக நின்றிருந்த என் கணவர் பலமாக இருமினார். நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் இருமாமல் இருந்திருந்தால், அன்றைக்குக் கட்டிய புடவையின் கனத்துக்கு எனக்கு இருந்த எரிச்சலில் முழுதாகவே சொல்லியிருப்பேன்.

அந்தக் கல்யாணத்தில் வந்த ஆட்களைவிடத் தாம்பூலப் பை அதிகமாக அடித்துவிட்டோம். எங்கள் இருவர் பெயரும் தேதியும் போட்ட மஞ்சள் பைகள், இரண்டு கட்டு, தஞ்சாவூரில் எங்கள் வீட்டு பீரோவுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டன. பிறகு நடந்ததெல்லாம் அந்த இரண்டு கட்டினால் வந்தது.

இந்த ஜெல் எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆணுறை நல்ல பொருள், மலிவான பொருள், சும்மாவே கிடைக்கிற பொருள். ஆனால் அதைப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர் ஆண். "போட்டுக்கங்க" என்று மனைவி சொன்னால் என்னைச் சந்தேகப்படுகிறாயா என்று சண்டை வரும், இல்லையென்றால் உனக்கு எதற்கு இந்த யோசனை என்று சண்டை வரும். யாரிடமும் கேட்காமல் ஒரு பெண் தானே எடுத்துத் தானே போட்டுக்கொள்கிற பொருள் ஒன்று வேண்டும் என்றுதான் உலகத்தில் பல இடங்களில் இந்த வேலை நடந்தது. சில ஜெல்கள் தோற்றன. ஒன்றிரண்டு பாதிக் கிணறு தாண்டின. வேறு நாடுகளில் மருந்து ஊறிய வளையம் வந்துவிட்டது, மாத்திரை வந்துவிட்டது, ஊசி வந்துவிட்டது. ஜெல்லை நிறையப் பேர் கைவிட்டார்கள். நான் விடவில்லை. அறிவியல் காரணங்கள் நாலைந்து சொல்ல முடியும், ஆனால் எனக்குப் பிடிவாதம் என்பதுதான் உண்மை.

எங்கள் கல்லூரியில் நாங்கள் செய்தது மிகச் சின்ன பகுதி. மருந்தைக் கலப்பதற்கு முன்னால், அந்த மருந்தைச் சுமக்கப்போகிற வெறும் ஜெல் எப்படி இருக்க வேண்டும் என்று பார்ப்பது. கெட்டியாக இருந்தால் உள்ளே பரவாது, தண்ணியாக இருந்தால் நிற்காது. சித்திரை வெயிலில் தகர பீரோவுக்குள் கிடந்தாலும் உருகிப் பிரியக் கூடாது. இதற்கெல்லாம் இயந்திரம் உண்டு, எண் சொல்லும். உடம்புக்கு எப்படி இருக்கிறது என்பதை மட்டும் உடம்பு உள்ளவர்தான் சொல்ல வேண்டும்.

அதற்காக அம்மாப்பேட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கல்யாணமான பெண்கள் சிலரைச் சேர்த்தோம். கணவன் மனைவி இருவரையும் பரிசோதித்து, இரண்டு பேருக்கும் தொற்று இல்லை என்று தெரிந்த பிறகே சேர்த்தோம். "இதுல மருந்து இல்ல. இது எந்த நோயையும் தடுக்காது. வழவழப்பா இருக்கா, வசதியா இருக்கான்னு மட்டும் நீங்க சொல்லணும்" என்று ஒவ்வொருவரிடமும் மூன்று தடவை சொன்னோம். எழுதியும் கையெழுத்து வாங்கினோம். இதைச் சொல்லும் பொறுப்பு எங்கள் ஆலோசகருடையது. தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் கிறிஸ்தவக் குடும்பம், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் சிஸ்டர். எதையும் வெட்கமில்லாமல் சொல்வார், கேட்கிறவரும் வெட்கத்தை மறந்துவிடுவார். எனக்கு அந்த வித்தை வராது. நான் பேச ஆரம்பித்தால் வகுப்பெடுப்பது மாதிரி ஆகிவிடும், பெண்கள் கைகட்டி உட்கார்ந்துவிடுவார்கள்.

ஒரு முறைக்கு ஒன்று என்று ஊசி இல்லாத சிரிஞ்சு போன்ற பிளாஸ்டிக் குழாய்களில் ஜெல் நிரப்பி, ஆளுக்குப் பத்து கொடுப்பதாகத் திட்டம். எதில் போட்டுக் கொடுப்பது என்பதில்தான் சிக்கல் வந்தது. கல்லூரிப் பெயர் போட்ட வெள்ளைக் கவரைப் பேருந்தில் எடுத்துப்போனால் ஊரே என்ன மாத்திரை, யாருக்கு என்ன வியாதி என்று கேட்கும். சாதாரண பிளாஸ்டிக் பை என்றால் குழாய் வெளியே தெரியும். அப்போதுதான் எனக்கு பீரோ மேலிருந்த மஞ்சள் பைகள் ஞாபகம் வந்தன. தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு பெண் தாம்பூலப் பையோடு பேருந்தில் ஏறினால் எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார். ஏதோ விசேஷத்துக்குப் போய் வருகிறாள், அவ்வளவுதான். யோசனை தோன்றியதும் என்னை நானே மெச்சிக்கொண்டேன். சிஸ்டருக்கும் பிடித்துப்போனது. என் கணவர் மட்டும், "என் பேரு போட்ட பையிலயா?" என்று கேட்டார். "உங்க பேருக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது" என்று சொல்லிக் கட்டைப் பிரித்தேன்.

பைகள் போயின. சம்பா நடவு நேரம். நாலு வாரம் கழித்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, போட்டு முடித்த காலிக் குழாய்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். நான் எதிரே உட்கார்ந்து, "எப்படிம்மா இருந்துது?" என்று கேட்டேன். "நல்லாருந்துதுங்க மேடம்." அடுத்தவரும் "நல்லாருந்துதுங்க". அதற்கடுத்தவர் "ரொம்ப நல்லாருந்துதுங்க". விசேஷ வீட்டில் பந்தி முடித்து எழுந்தவரிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டால் வருகிற பதில்தான் இது. சாம்பாரில் உப்பு இல்லை என்று யாராவது கல்யாண வீட்டுக்காரரிடம் சொல்வார்களா? மஞ்சள் பையில் போட்டு, அதுவும் என் பெயரையே அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். என்னிடம் எப்படிக் குறை சொல்வார்கள். அன்று மாலை தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு நான் கோயில் வாசல்ல நின்னு அபிப்பிராயம் கேட்டிருக்கலாம்" என்று சிஸ்டரிடம் சீறினேன். அவர் டீ ஆறிப்போகுது குடிங்க மேடம் என்றார்.

மறுநாள் வந்தவர் ஒரு சின்னப் பெண். கூட்டுக் குடும்பத்தில் இளைய மருமகள். குழாய்களை மேசைமேல் வைத்தார், மூன்றுதான் இருந்தன. பத்து கொடுத்தோமே என்றேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"பையைக் கொண்டுபோய் வச்சதும் அத்தை பிரிச்சுட்டாங்க மேடம். விசேஷத்துப் பைன்னா அவங்கதான் பிரிச்சு எல்லாருக்கும் பங்கு வைப்பாங்க. தேங்காய் இல்லியேன்னு கேட்டாங்க."

தாம்பூலப் பை வீட்டுக்கு வந்தால் அது யார் கையில் வந்ததோ அவருடையது இல்லை. தேங்காய் சமையலுக்கு, வெற்றிலை மாமியாருக்கு, சாக்லெட் குழந்தைகளுக்கு, பழம் விசேஷத்துக்கு வர முடியாதவர்களுக்கு. எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அது எனக்கு அந்தப் பீரோவைப் பார்த்து நின்றபோது தோன்றவில்லை.

"அத்தை மூணு எடுத்துக்கிட்டாங்க. நடவுக்குப் போய் சேத்துப்புண்ணு வந்திருந்துது, கால் விரல் இடுக்குல தடவிக்கிட்டாங்க. நல்லா கேக்குதுன்னு சொன்னாங்க மேடம்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இத்தனை நாளில் ஜெல்லுக்குக் கிடைத்த முதல் உருப்படியான பாராட்டு அதுதான். வாய்விட்டுச் சிரித்தேன், அந்தப் பெண்ணும் பயம் தெளிந்து சிரித்தார். சிஸ்டர் சிரிக்கவில்லை.

"மீதி நாலு?" என்று கேட்டார்.

"எங்க ஓரகத்தி கேட்டு வாங்கிக்கிட்டாங்க சிஸ்டர். பெரிய மச்சான் சம்சாரம், பக்கத்து வீட்ல தனியா இருக்காங்க. இது என்னன்னு கேட்டாங்க, எய்ட்ஸ் வராம இருக்க காலேஜ்ல கண்டுபிடிக்கிறாங்கன்னு சொன்னேன். இன்னும் இருந்தா வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

"மருந்து இல்லைன்னு சொன்னியாம்மா?"

அந்தப் பெண் யோசித்தார். "அத்தை பக்கத்துல இருந்தாங்க சிஸ்டர். வேகமா சொல்லிட்டு வந்துட்டேன்."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். யாரும் இந்தப் பொருளை ஆசைக்காக இன்னும் வேண்டும் என்று கேட்க மாட்டார்கள். தொற்று வந்துவிடுமோ என்ற பயம் இருக்கிறவர்தான் கேட்பார். என் சிரிப்பு நின்றது. சிஸ்டர் குரலை மாற்றாமல், "உங்க அக்காவுக்கு வேணும்னா அவங்களே வந்து வாங்கிக்கணும், அதான் எங்க சட்டம். நாளைக்கே வரச் சொல்லும்மா, தனியா வரட்டும்" என்றார். சின்னப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமல் இருப்பதுதான் நல்லது.

மறுநாள் பத்து மணிக்கு அந்த ஓரகத்தி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், நிமிர்ந்த நடை. நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, "எத்தனை தருவீங்க?" என்று கேட்டார். சிஸ்டர் கதவைச் சாத்தினார். நான்தான் சொன்னேன். நான் செய்த தப்பு, சிஸ்டரைச் சொல்ல வைப்பது நியாயமில்லை.

"அதுல மருந்து இல்லம்மா. அது வெறும் ஜெல். எதையும் தடுக்காது."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, தன் வீட்டில் யாருக்கும் தெரியாத விஷயத்தை, அரிசி விலை சொல்வது போலச் சொன்னார். கணவர் நெல் அறுக்கிற மிஷின் ஓட்டுகிறவர். ஆறு வருஷமாக அவருக்குத் தொற்று இருக்கிறது. ஒழுங்காக மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார், இவரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போய் வந்தார், இதுவரை ஒன்றும் இல்லை. இந்த வருஷம் மிஷினோடு ஆந்திராவுக்குப் போனவர் இரண்டு மாதம் மாத்திரையை விட்டுவிட்டார். திரும்பி வந்ததும் அது தெரிந்து இவர் உறையைக் கட்டாயப்படுத்தியிருக்கிறார், தினம் சண்டை. அந்த நேரத்தில்தான் கொழுந்தன் மனைவி கையில் எங்கள் குழாய்.

"நாலு தடவை போட்டேன். அந்த நாலு தடவை அவர்கிட்ட ஒண்ணும் கேக்கல. வீட்ல சண்டை இல்லாம இருந்துதுங்க."

கடைசியாக எப்போது என்று சிஸ்டர் கேட்டார். பதினைந்து நாள் ஆகிவிட்டது. மூன்று நாளுக்குள் வந்திருந்தால் தொற்றைத் தடுக்க மாத்திரை கொடுத்திருக்க முடியும். அந்த அவகாசம் தாண்டிப் போயிருந்தது. இனிச் செய்ய முடிந்தது பரிசோதனை, காத்திருப்பது, அவர் கணவரை மறுபடி மாத்திரைக்குக் கொண்டுவருவது, அதுவரை உறை. அவர் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "பஸ்சுக்கு நேரமாச்சு" என்று சொல்லி எழுந்தார். சிஸ்டர் அவரோடு, எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிற அரசு நம்பிக்கை மையத்துக்குப் போனார்.

நான் அறைக்குள் உட்கார்ந்து, இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு அனுமதி கொடுக்கிற நெறிமுறைக் குழுவுக்கு எழுதினேன். எந்தப் பை, ஏன் கொடுத்தேன், யார் அனுமதி கொடுத்தது. கடைசிக் கேள்விக்கு என் பெயரை எழுதினேன். குழு எங்கள் வேலையை நிறுத்தி வைத்தது, சரியாகத்தான் செய்தது. கொடுத்த பைகளை எல்லாம் சிஸ்டரும் நானும் வீடு வீடாகப் போய் வாங்கினோம். மிச்சமிருந்த கட்டை என் கணவர் பார்க்க, கொல்லையில் போட்டுக் கொளுத்தினேன். அவர் ஒரு குச்சியை எடுத்துத் தீயைக் கிளறிவிட்டார்.

முதல் பரிசோதனையில் தொற்று இல்லை. அதை நம்ப முடியாது என்று எனக்குத் தெரியும். உடம்பில் தெரிய வாரங்கள் ஆகும். அந்த மூன்று மாதம் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. வகுப்பில் ஒரு மாணவி ஏதோ சந்தேகம் கேட்டதற்கு வள்ளென்று விழுந்தேன். பிறகு அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். சம்பா கதிர் விட்டது, மழை ஒருமுறை வந்து சாய்த்துப் போட்டது, பயிர் மறுபடி நிமிர்ந்தது. அம்மாப்பேட்டைச் சாலையில் போகும்போதெல்லாம் அந்த வீடு எந்தப் பக்கம் என்று பார்க்காமல் இருக்கப் பழகினேன். சிஸ்டர் மட்டும் வாராவாரம் அவரோடு போனில் பேசினார். கணவர் மாத்திரைக்குத் திரும்பிவிட்டார் என்று ஒருநாள் சொன்னார். எப்படி என்று கேட்டேன். "அந்தம்மா அவர்கிட்ட நடந்ததைச் சொல்லிட்டாங்க மேடம். பயந்துட்டார்" என்றார்.

பொங்கல் கழிந்து பத்து நாள் இருக்கும். சிஸ்டர் போன் செய்யவில்லை. அவரும் அந்த ஓரகத்தியும் நேராகவே வந்து நின்றார்கள். வாசலில் அந்தம்மாவைப் பார்த்ததும் நான் எழுந்தேன். அவர் சொன்னார்: "ஒண்ணும் இல்லைன்னு வந்துடுச்சுங்க."

நான் அழுதேன். அறுபதை நெருங்குகிற பேராசிரியை, வெள்ளைக் கோட்டோடு, ஆய்வகத்தில், மூக்கைச் சிந்திக்கொண்டு. அவருக்கே சங்கடமாகப் போய்விட்டது. "உக்காருங்க டாக்டரம்மா" என்று என்னுடைய நாற்காலியை என்னிடமே இழுத்துப் போட்டார். நான் டாக்டர் இல்லை என்று திருத்துகிற வழக்கத்தை அன்று விட்டுவிட்டேன்.

சிஸ்டர் டீ வாங்கப் போனார். வந்தவர் அலமாரியில் இருந்த குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஒண்ணு சொல்றேன், கோச்சுக்கக் கூடாது" என்றார். சொல்லுங்க என்றேன்.

"வழியுதுங்க. எழுந்து நடந்தா புடவையெல்லாம் ஈரம். அதுக்கு பயந்துக்கிட்டே படுத்துக் கிடந்தேன். குழாய் முனை கூரா இருக்கு, குத்துது. அமுக்கறப்ப டொக்குனு சத்தம் வருது, பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் அந்த வாசனை, மருந்து வாசனை, அது எதுக்கு? மருந்தே இல்லைன்னு சொல்றீங்க."

நான் பேனாவைத் தேடினேன். ஊர்ப்பட்ட இயந்திரம் சொல்லாததை அவர் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். இதைத்தான் இத்தனை பெண்களிடம் கேட்டு, நல்லாருந்துது நல்லாருந்துது என்று எழுதி வைத்திருந்தேன். மற்றவர்கள் எனக்காகப் போட்டுப் பார்த்தார்கள். இவர் தன் உயிருக்காகப் போட்டுப் பார்த்தவர். அதனால் ஒவ்வொன்றும் ஞாபகம் இருந்தது. அவர் சொன்னதை ஆய்வுக் கணக்கில் சேர்க்க முடியாது. அவர் பட்டியலிலேயே இல்லாதவர். ஒரு காகிதத்தில் எழுதி என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

"நல்லதுன்னு ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டேன். வெட்கமில்லாமல்தான் கேட்டேன்.

"இருந்துதே. அவர்கிட்ட கேக்க வேண்டியதில்ல பாருங்க. நானே முடிவு பண்ணேன், நானே எடுத்துப் போட்டேன். பொய்யின்னு தெரியாம போட்டாலும், அது எனக்குப் பிடிச்சிருந்துது" என்றார்.

குழு பல மாதம் கழித்து மறுபடி அனுமதி கொடுத்தது. குழாயின் முனையை உருட்டினோம், சத்தம் வராத பிஸ்டன் போட்டோம், வாசனையை எடுத்தோம், ஜெல்லைக் கொஞ்சம் கெட்டியாக்கினோம். பையே கிடையாது. குழாய்கள் இப்போது சிஸ்டரிடமே இருக்கும், வேண்டும்போது வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். பெண்களைச் சேர்ப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் பார்த்துக் கேள்வி கேட்க ஊர்ப் பெண்கள் ஐந்து பேரை வைத்து ஓர் ஆலோசனைக் குழு அமைத்தோம். அந்தக் குறைகளைச் சொன்னவரையும் அதில் சேரக் கூப்பிட்டபோது வருவாரா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. முதல் கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார்.

இப்போது ஒவ்வொரு கூட்டத்திலும் நான் புது ஜெல்லை ஒரு கண்ணாடித் தட்டில் வைத்து மேசையில் நகர்த்துவேன். மற்றவர்கள் தொட்டுப் பார்த்து, விரலில் தேய்த்து, இன்னும் கொஞ்சம், போதும், இது பரவாயில்லை என்று பேசுவார்கள். குறை சொல்ல இப்போது யாருக்கும் கூச்சம் இல்லை, எனக்குத்தான் சில நாள் ரோஷம் வரும். அவர் மட்டும் தொடுவதற்கு முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அதே கேள்வியைக் கேட்பார். "இதுல மருந்து இருக்கா, இல்லியா? அதை மொதல்ல சொல்லுங்க."

இல்லை என்று சொல்கிறேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். என்றைக்காவது ஒரு நாள் இருக்கு என்று சொல்ல முடிந்தால், அதையும் முதலில் அவரிடம்தான் சொல்வேன்.